பங்காளி நிறங்கள்

நிறத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் காரைக்குடியில் என் மகன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த பையன், செல்போனில் ஒரு நிறச் சக்கரத்தைக் காட்டினான். அதில் அடுத்தடுத்து இருக்கிற நிறங்களாகப் பார்த்து எடுத்தால் சுவர் கண்ணுக்கு இதமாக இருக்குமாம், இப்போது அதுதான் நாகரிகமாம். இருக்கட்டும். என் அப்பா அவற்றுக்குப் பங்காளி நிறங்கள் என்று பேர் வைத்தபோது அந்தப் பையனின் அப்பாவே பிறந்திருக்க மாட்டார். ஆனால் என் அப்பா ஏன் பங்காளி நிறங்களுக்கு மாறினார் என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை.

அப்பா செட்டியார் வீடுகளில் சுவரின் மேல்விளிம்பில் பூக்கொடியும் கிளியும் எழுதுகிறவர். ஆரம்பத்தில் அவர் கையில் நிறங்கள் எதிரும் புதிருமாகத்தான் நிற்கும். சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா. அவை மாமன் மச்சான் நிறங்கள், ஒன்றையொன்று சீண்டிக்கொண்டிருந்தால்தான் கல்யாண வீடு களைகட்டும் என்பார். எனக்கு எட்டு வயது நடந்தபோது அத்தனையையும் விட்டுவிட்டார். மஞ்சள், கிளிப்பச்சை, பச்சை, மயில்நிறம், அவ்வளவுதான். கொட்டாங்கச்சிகளில் கரைத்து அதே வரிசையில் வைத்துக்கொள்வார். அதை யாரும் இடம் மாற்றக் கூடாது.

மேஸ்திரிக்குக் கை பக்குவப்பட்டுவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மை அதுவல்ல. அவர் கண்ணில் நிறம் செத்துக்கொண்டு வந்தது. கோடு தெரியும், வெளிச்சம் தெரியும், சிவப்பும் பச்சையும் மட்டும் ஒரே மங்கலாகத் தெரியும். பங்காளி நிறமென்றால், கை தவறிப் பக்கத்துக் கொட்டாங்கச்சியில் பிரஷ் விழுந்தாலும் அண்ணன் இடத்தில் தம்பி உட்கார்ந்த மாதிரிதான், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இது அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். நிறம் தெரியாதவனை எந்த வீட்டில் வர்ணம் எழுதக் கூப்பிடுவார்கள்? எனக்கும் சொல்லவில்லை. என் வாயை அவர்கள் அறிவார்கள்.

அந்த வருஷம் வலையபட்டியில் ஒரு கல்யாண வீட்டு வேலை. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை அப்பா என்னையும் சைக்கிளில் கூட்டிப்போனார். அந்த வீட்டு ஆச்சிக்குச் சுவர் பிடித்திருந்தது. கீழே கதவு இழைத்துக்கொண்டிருந்த ஆசாரிக்குத்தான் பிடிக்கவில்லை. கிளிக்கு மூக்குக்கூடப் பச்சையாக இருந்ததில் அவருக்கு ஒரே சிரிப்பு.

“என்ன மேஸ்திரி, ஒங்க கிளி இன்னும் பழுக்கலையாக்கும்? மூக்குல ஒரு சொட்டு செவப்பு வச்சா கொறஞ்சா போயிருவீக?”

“பழத்தக் கொத்தட்டும், தன்னால செவக்கும்” என்றார் அப்பா சாரத்தின் மேலிருந்து. ஆச்சியே சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்போடு உள்ளே போன ஆச்சி, இரண்டு பட்டுச் சேலைகளோடு திரும்பி வந்தார். ஒன்று அரக்குச் சிவப்பு, ஒன்று பச்சை. பெண் வந்து உட்காரப்போவது இந்தச் சுவருக்கு முன்னால்தான், இதற்கு எது எடுப்பாக இருக்கும் என்று நிறம் தெரிந்த மனுஷர் நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

அப்பா இறங்கி வந்தார். துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ சொல்லு தாயி. நீயும் வர்ணக்காரன் மகதானே” என்றார்.

பெரியவர்கள் கூடியிருக்கிற இடத்தில் என்னைக் கேட்கிறார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாயைத் திறக்காமல், ரொம்ப யோசித்தவள் மாதிரி நின்று, அரக்குச் சேலையின் மேல் கையை வைத்தேன்.

அப்பா முகம் தெளிந்தது. “சரியாச் சொல்லிட்டா ஆச்சி. சொவத்துக்கு அதுதான் பங்காளி. பச்சையோட பச்சை ஒட்டிக்கிட்டு நிக்கும்.”

இழைப்புளிச் சத்தம் நின்றது. ஆசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆச்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவர் வாய் மூடிக்கொண்டது. ஆச்சி என் கைக்குக் கீழே கிடந்த அரக்கைப் பார்த்தார், அப்பாவின் கண்ணைப் பார்த்தார். எனக்கு இன்னும் ஏதாவது பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

“அப்ப அதையே எடுத்துக்கிர்றோம்” என்று ஆச்சி இரண்டு சேலைகளையும் மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா மறுபடி சாரத்தில் ஏறினார். அந்த அமைதி அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். வெகுநேரம் பிரஷ்ஷைத் தொடவில்லை.

சாயங்காலம் புறப்படும்போது ஆச்சி என் பாவாடை மடியில் கந்தரப்பம் போட்டார். அப்பாவிடம் குரலைத் தாழ்த்தி, “இங்க நடந்தது இந்த வீட்டு வளவத் தாண்டாது மேஸ்திரி. இனிமே எங்குட்டு வேலைக்குப் போனாலும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போங்க” என்றார். அப்பா இரண்டு கையையும் கூப்பினார். கோயிலுக்கு வெளியே அவர் கை கூப்பி நான் பார்த்ததில்லை. என்னைப் பாராட்டியதற்குத்தான் கும்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அப்பாவே என்னைக் கேட்டுத்தான் பதில் சொன்னார் என்பதை இரண்டு தரம் சொன்னேன். எந்தச் சேலையைக் காட்டினாய் என்று மட்டும் அம்மா கேட்டாள். அரக்கு என்றேன். அப்பா என்ன சொன்னார் என்றாள். பச்சை என்று சொன்னார் என்றேன். மறுநாள் அம்மா என் பையிலிருந்த சிலேட்டை எடுத்துத் துடைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே.

திங்கட்கிழமை காலையில் அப்பாவோடு புறப்பட்டேன். சைக்கிளின் பின்னால் நான், என் மடியில் கொட்டாங்கச்சிகள். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது மணி அடித்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதித்தார். எல்லோரும் பார்க்கட்டும் என்று நான் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் வரிசை கட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.