சந்திர மண்டலத்து மந்திரிக்கு ஊசி

நாடகக் கம்பெனியில் வில்லன் வேஷம் கட்டியே காலம் தள்ளியவன் நான். புதுசாக மேடை ஏறுகிற பிள்ளைகளுக்கு இதை மட்டும் சொல்லியே ஆகணும்.

ஐம்பதுகளில் மத்திகிரியில் கொட்டகை போட்டிருந்தோம். சந்திர மண்டலத்தில் நடக்கிற நாடகம். அங்கே பிளேக் பரவும். கண்ணாடிக் குழாயில் நோயை அடைத்து வந்து பரப்பியது டாக்டர்தான் என்று மந்திரியான நான் பழி போடுவேன். கடைசி சீனில்தான் என் தானியக் கப்பலில் வந்த எலிகள் பிடிபடும். டாக்டர் ஊசி போட்டு என்னையே காப்பாற்றுவார்.

அன்றைக்கு இடைவேளைக்கு முந்தின சீன். "இவன்தான் கொலைகாரன்!" என்று கர்ஜித்தேன். அடடா, என்ன கைதட்டல்! அதோடு பிடித்தது பாருங்கள் மழை, கொட்டகையே பிய்த்துக்கொண்டது. ஜனங்கள் மீதியைப் பார்க்காமலே வண்டி கட்டிக்கொண்டு ஊர் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை சுகாதார இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "உங்க நாடகத்தால குடி கெட்டுதுய்யா! பக்கத்து ஊர்ல எலி செத்து விழுது. ஊசி போடப் போன டாக்டரை மாட்டுக் கொட்டாய்ல போட்டுப் பூட்டிட்டாங்க!"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "எல்லாம் உன் வாயால வந்த வினை. கிரீடத்தை மாட்டிக்கிட்டுக் கெளம்புடா!"

ஜிகினா அங்கியோடு போய் இறங்கினேன். அடி விழுமோ என்று நான் நடுங்க, ஊரே "மந்திரி வந்துட்டாரு!" என்று கொண்டாடியது. ஊர்த் தலைவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னாப்லயே குழாயோட வந்தான். அமுக்கிப்போட்டோம்!"

"மீதி நாடகத்தையும் பாத்துப்போட்டு முடிவு பண்ணுங்க" என்றேன்.

களத்தில் கட்டிலைப் போட்டு, எலிக் கப்பல் கதையைச் சொல்லிக் கடைசி சீனைத் தொடங்கினேன். டாக்டர் வேஷத்துக்குப் பூட்டிவைத்த டாக்டரையே கேட்டேன்; திறந்துவிட்டார்கள். பாவம், சட்டையெல்லாம் சாணி. "நெசமாவே குத்துங்க சார்" என்று அவர் காதில் சொன்னேன். எனக்கோ ஊசி என்றாலே ஓடி ஒளிகிற சுபாவம்.

"மக்களே! பழி என்னுடையது" என்று வசனம் எடுத்தேன். ஊசி இறங்கியது. "ஐயோ, அம்மா!" மிச்ச வசனம் போன இடம் தெரியவில்லை.

கூட்டத்தில் முன்னால் நின்ற ஒரு அம்மா சிரித்துவிட்டாள். "இது நடிப்பில்லடி! டாக்டரை வைஞ்ச ஆளே போட்டுக்கிட்டான், நமக்கென்ன?" என்று முதல் ஆளாகக் கையை நீட்டினாள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போட்டாயிற்று. சந்தோஷத்தில் டாக்டரைக் கட்டிக்கொண்டு குதித்தேன், கை வீங்கினது தெரியவேயில்லை.

அப்புறம் எந்த ஊரில் மழை பிடித்தாலும் நான் மேடையை விட்டு இறங்கமாட்டேன். "முடிவைச் சொல்லிட்டா நாளைக்கு எவன்டா டிக்கெட் வாங்குவான், பாவி!" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். நனைந்துகொண்டே, கலைகிற கூட்டத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவேன்: "டாக்டர் மேல தப்பில்லீங்கோ! எலிதானுங்கோ!"