நான் நீக்கிய நான்காம் இயல்

நான் என் மகளிடம் பொய் சொன்னேன். "பெரியம்மா பேச மாட்டேன்னுட்டாங்க" என்றேன். என் அக்காவிடம் நான் கேட்கவே இல்லை!

யாழினி ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. இறுதியாண்டு. ஆய்வுத் திட்டம் எழுதித் தர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அப்பலாச்சியா என்றொரு மலைப்பகுதி இருக்கிறதாம். சுரங்கத் தொழிலாளர்கள், சிறு விவசாயிகள் வாழும் இடம். அவர்கள் பேச்சைக் கேட்டு நகரவாசிகள் சிரிப்பார்களாம். அந்தப் பேச்சிலேயே கதை எழுதியவர்களைப் பற்றித்தான் அவள் ஆய்வு.

சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி, திட்டத்தை வாசித்துக் காட்டினாள். மூன்று இயல்கள் அந்த மலையைப் பற்றியவை. நான்காவது... நான் பிறந்த மீனவர் குப்பமான பட்டினச்சேரியில் மீன் விற்கும் என் அக்கா! அவள் பேச்சைப் பதிவு செய்து அந்தக் கதைகளோடு ஒப்பிடப் போகிறாளாம்.

"ஒரு கதையில ஒருத்தி டவுனுக்குப் போயி, ஊர்ப் பேச்சையே மறைச்சு வச்சுக்கிறாம்மா. படிச்சா பாவமா இருக்கு."

நான் தண்ணீர் குடித்தேன்.

நான் காரைக்காலில் ஆசிரியை. உடன் வேலை பார்ப்பவர்களுக்கு நான் கோட்டுச்சேரிக்காரி, விவசாயக் குடும்பம். இருபது ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லி வருகிறேன். யாழினியின் பேராசிரியையோ எங்கள் தலைமையாசிரியையின் தங்கை. அந்த இயல் அவர் கைக்குப் போனால்...? மீன் விற்பது குற்றமா? கடற்கரையில் பிறந்தது குற்றமா? இல்லை என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

"நானே கேட்டுச் சொல்றேன்" என்றேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பொய்.

யாழினியின் முகம் சுருங்கியது. "நான் கேலி பண்ணுவேன்னு நெனச்சிட்டாங்களா?"

நான் மறுக்கவில்லை. "நீ ஒண்ணும் கேக்காத, சங்கடப்படுவாங்க" என்று வேறு சொல்லி வைத்தேன்.

நான்காம் இயலை அடித்துவிட்டு, மலையும் மரமும் பற்றி ஏதோ எழுதிச் சேர்த்தாள். பெரியம்மா வீட்டுக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டாள்.

போன ஞாயிறு அக்கா வந்தாள். யாழினி வெளியே போயிருந்தாள். மேசையில் அவள் எழுதி முடித்த ஆய்வேடு.

"பாப்பா எழுதுன பொஸ்தவமா? இரு, கையக் கழுவிட்டுத் தொடுறேன்."

கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன் புள்ள, இப்பல்லாம் அது வூட்டுப் பக்கமே வர்றதில்ல? எம்மேல மீன் நாத்தம் அடிக்குதாமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"படிப்பு வேலக்கா..."

"சரி, என்னையப் பத்தி ஏதும் போட்டிருக்கா? படி."

நன்றியுரையைத் திறந்தேன். கடைசி வரி ஆங்கிலத்தில் இருந்தது: பேச விரும்பாத என் பெரியம்மாவுக்கு, நான் கேட்டது அவர் மனத்தைப் புண்படுத்தியிருந்தால் மன்னிப்புடன்.

"பெரியம்மாவுக்கு நன்றின்னு போட்டுருக்குக்கா."

அக்கா அந்த வரியின்மேல் மெல்ல விரலை ஓட்டினாள். "இவ்ளோ நீட்டு இருக்கு... அவ்ளோதானா?"

"இங்கிலீசுல அப்படித்தான்க்கா."

"ம்" என்றாள். ஆய்வேட்டை மூடி வைத்தாள். நம்பினாளா? நம்பாமலே விட்டுவிட்டாளா? இப்போதும் எனக்குத் தெரியவில்லை...

அவள் கொண்டுவந்த கொடுவா மீனைக் குழம்பு வைத்தேன். மாலையில் யாழினி வந்து தட்டின் முன் அமர்ந்தாள்.

"மீன் ஏதும்மா? பெரியம்மா கொண்டு வர்ற மாதிரியே இருக்கு."

"மார்க்கெட்ல வாங்குனேன்" என்றேன்.