ஆறு விரல் மதலை

அன்னக்கொடிக்குப் பல்கலைக்கழகத்துக் கலைக்கூடத்தில் வேலை கிடைத்தபோது விளாங்குடியில் அவள் தெருவே சிரித்தது. பெருக்கித் துடைக்கிற வேலை என்றால் சரி, பொம்மைக்குத் தூசி தட்டவும் ஒரு ஆளா? "எங்க வீட்டுச் சாமி படத்தையும் ரெண்டு தட்டுத் தட்டிட்டுப் போ மதினி" என்றாள் எதிர்வீட்டு முனியாயி. அன்னக்கொடியும் கூடச் சிரித்தாள். அது எழுபத்தொன்பதாம் வருஷம். அவள் சிரித்து ஆறு வருஷம் ஆகியிருந்ததால், கப்பலூர்ப் பட்டறையில் வேலை பார்த்த அவள் புருசன் பேயாண்டிக்கு அந்தக் கலைக்கூடத்தின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

கலைக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நூலகத்துக்குப் பின்னால் இரண்டு கூடம், அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டவர் நல்லகாமன் என்ற வாத்தியார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், வெளியூர் போய்ப் படித்துவிட்டு வந்தவர். கால்சட்டை போட்டவன் மட்டும் வந்து பார்ப்பதற்கு எதற்குக் கலைக்கூடம் என்பது அவர் கட்சி. வெள்ளிக்கிழமைதோறும் வேனை அனுப்பி ஊர் ஊராகச் சனங்களை அழைத்து வந்தார். வந்தவர்கள் வாசலில் செருப்பைக் குவித்துவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் கல் அம்மனுக்கு முன்னால் சூடம் கொளுத்த, மேலிடத்திலிருந்து காரசாரமாகக் கடிதம் வந்தது. நல்லகாமன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சூடம் ஏற்றுகிறவர்களுக்கென்று வேப்பமரத்தடியில் ஒரு மணல் தட்டை வைத்தார். ஆள் அப்படி.

அன்னக்கொடிக்கு ஒரே பிள்ளை. முத்துக்கருப்பன் என்று தாத்தா பேர். இடதுகையில் சுண்டுவிரலை ஒட்டி எலும்பில்லாத சின்ன ஆறாம் விரல் ஒன்று. அந்தக் கையால் ஆத்தாளின் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நடப்பான். மூன்று வயதில் காய்ச்சல் வந்து இறங்க மறுத்தது. பிறந்த ஊருக்கு மேற்கே அய்யனார் சோலையில் மதலை வைப்பதாக நேர்ந்தாள். மதலை என்றால் மண்ணில் செய்து சுட்ட பிள்ளை. அதைச் செய்கிறவரும் அய்யனாருக்குப் பூசை வைக்கிறவரும் ஒரே வேளார்தான். குறையுள்ள பிள்ளைக்கும் முழுசாகத்தான் மதலை செய்ய வேண்டும் என்பது வழக்கம். அன்னக்கொடி கேட்கவில்லை.

"ஆறு விரலு வைங்க. அஞ்சு வச்சா சாமி வேற பிள்ளைன்னு நினைச்சிரும்" என்றாள்.

வேளார் வைத்தார். மதலையைச் சோலையில் இறக்கி வைத்த பிறகு, "திரும்பிப் பாக்காமப் போத்தா. இத வெயிலும் மழையும் தின்னு, உதிந்து மண்ணோட மண்ணாப் போகணும். அப்பத்தான் வேண்டுதல் சாமிக்குப் போய்ச் சேரும்" என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை ஒன்பதாம் நாள் போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் அந்த ஊர்ப்பக்கமே போகவில்லை. சாமி மேல் கோபமா, அந்த ஆறாம் விரல் மேல் சந்தேகமா, அவளுக்கே தெரியாது.

எண்பத்தொன்றில் வேனில் வைக்கோல் பொதிந்த பெட்டிகள் வந்தன. ஏதோ சோலையில் வழி அகலப்படுத்துகிறார்களாம். பழைய மண்குதிரையும் மதலையும் நொறுங்கிப் போகுமே என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார் நல்லகாமன். எல்லாம் உதிர்கிற நிலை. தண்ணீர் ஏறாமல் கெட்டிப்படுத்த ஒரு மருந்து வரவழைத்து, அதைத் தூரிகையால் பூசும் பொறுப்பை அன்னக்கொடியிடம் கொடுத்தார். நகப்பூச்சு வாடை அடிக்கும் மருந்து. அவள் கை அலுங்காது, சொட்டுச் சிந்தாது. ஒற்றைக் கையில்லாத ஒரு மதலைக்கு மூன்று நாளில் மூன்று பூச்சுப் பூசி முடித்தாள். சுண்ணாம்பும் சாயமும் போய், முகம் தேய்ந்து, எந்தப் பிள்ளைபோலவும் இருந்தது அது. குனிந்து பூசும்போது பிடரியில் யாரோ பார்ப்பது மாதிரி இருந்ததை மருந்து வாடையின் வேலை என்று விட்டுவிட்டாள்.

நாலாம் நாள் வைக்கோலை அள்ளிப் போடும்போது பெட்டியின் அடியில் ஒடிந்த கை அகப்பட்டது. புற்றுமண் அப்பியிருந்தது. நனைத்துத் தேய்த்தாள். ஒவ்வொரு விரலாக வெளியே வந்தது. ஐந்தோடு நிற்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து கலைக்கூடம் அவளுக்கு வேறு இடமாகிவிட்டது. மத்தியான வேளையில், ஆள் இல்லாத கூடத்தைக் கூட்டும்போது சேலை ஓரம் எதிலோ மாட்டி இழுக்கும். குனிந்து பார்த்தால் ஆணியும் இருக்காது, மேசைக்காலும் இருக்காது. நல்லகாமன் கையை ஒட்டி, மதலையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைச் சனங்கள் அந்த விரலை எண்ணி ஆச்சரியப்பட்டுப் போனார்கள். எட்டு வருஷம் வெயிலும் மழையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கொண்டிருந்ததை, இனி எதுவும் தின்ன முடியாதபடி பூசி மூடியவள் அவள்தான். பெத்தவளே பிள்ளையை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாள். இந்த எண்ணம் அவளைச் சாப்பிட விடவில்லை.

பேயாண்டியிடம் சொன்னாள். "வேலையை விட்டுரு" என்றான்.

"விட்டா அவன் ஒத்தையில நிப்பானே" என்றாள்.

கடைசியில் நல்லகாமனிடமே போய் நின்றாள். அவர் முழுசும் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதிவேட்டுல ஏத்தியாச்சுத்தா. இப்ப அது உன் பிள்ளையுமில்ல, என் பொம்மையுமில்ல. பல்கலைக்கழகத்துச் சொத்து."

"வெள்ளிக்கிழமை வர்ற சனத்துக்கிட்ட என்ன சொல்றீக சார்? இம்புட்டும் ஒங்களோடதுதான்னு சொல்றீகளே. அது சும்மா சொல்றதா?"

அவருக்கு வெட்கமாக இருந்தது, அது போதுமானதாக இருந்தது. கமிட்டி, கடிதம், கையெழுத்து என்று ஏழு மாதம் அலைந்தார். சேகரித்ததைத் திருப்பிக் கொடுக்கும் கலைக்கூடம் உலகத்தில் உண்டா என்று கேலி செய்தார்கள். உண்டு, இது என்று சொல்லிவிட்டு, புரட்டாசி கடைசியில் அவரே மதலையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் சோலைக்குப் போனார். பக்கத்தில் அன்னக்கொடி. வழி போட்டது போக மிஞ்சிய மரங்களுக்கு நடுவில் வேளார் இடம் பார்த்து வைத்தார்.

முதல் மழைக்கு மறுநாள் வேளார் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தாள். மற்ற மண்ணெல்லாம் ஊறிக் கறுத்திருக்க, அவள் பிள்ளை மட்டும் காய்ந்து மினுமினுவென்று நின்றான்.

"தண்ணி ஒட்டலத்தா. ஒடைச்சாத்தான் ஆச்சு. நான் செஞ்ச கை, நான் ஒடைக்க மாட்டேன்" என்றார் வேளார்.

அவளாலும் முடியாது. திரும்பவும் நல்லகாமனிடம் ஓடினாள். மருந்தைக் கரைத்த திரவத்தாலேயே அதைத் துடைத்து எடுக்கலாம், ஆனால் பஞ்சால் ஒற்றி ஒற்றி நாள்கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். ஒரு ஜாடி நிறையக் கொடுத்தார். பத்து நாள் லீவு போட்டாள்.

தினமும் முதல் பஸ்ஸில் போய்ச் சோலையில் உட்கார்ந்தாள். மதலையை நீட்டிய கால்மேல் கிடத்தி, உச்சியிலிருந்து தொடங்கினாள். நெற்றி, காது மடிப்பு, கழுத்து இடுக்கு, அக்குள். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிறவள் எந்த வரிசையில் போவாளோ அந்த வரிசை. துடைத்த இடம் மினுக்கம் போய் வெறும் மண்ணாக வெளிறியது. கடைசியாக இடதுகை. ஒவ்வொரு விரலாக ஆறையும் துடைத்துவிட்டு, எடுத்து நிறுத்தினாள். ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மத்தியானம் மழை வந்தது. முதல் சொட்டு மதலையின் தோளில் விழுந்தது, உருளவில்லை. அப்படியே உள்ளே போய் ஒரு கறுத்த வட்டமாயிற்று. இரண்டாவது நெற்றியில். பிறகு சொட்டு எண்ண முடியவில்லை.

"போதும், எந்திரி, திரும்பிப் பாக்காம வா" என்று வேளார் ஓட்டுச் சாய்ப்பிலிருந்து கூப்பிட்டார்.

அன்னக்கொடி எழுந்தாள். நாலு எட்டு நடந்தாள். பிறகு திரும்பி ஓடிப்போய், முந்தானையை இழுத்து அதன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். "நனையுறான்யா" என்றாள். வேளார் மழையில் இறங்கி வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முந்தானையை விடுவிக்க வேண்டியிருந்தது.