தாயைக் காட்டாத வியாபாரம்

சென்ற மாதம் ஞானம் டீச்சருக்கு நான் ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கொடுத்தேன் என்றால்... விற்கிற ஆளைக் காட்டினேன். அதைப் பற்றி எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஞானம் டீச்சர், கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு மேலே குடியிருப்பவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ரிடையர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடவே இருந்த தங்கை போன மழைக்காலத்தில் நிமோனியாவில் போய்விட்டாள். அதற்கப்புறம் டீச்சர் பேச்சையே குறைத்துக்கொண்டார். ஒரு நாள் காலை வேலியோரம் நின்று, “வீட்டுக்குள்ளே ஒரு சத்தமும் இல்லே சார். நாய்க்குட்டி ஒண்ணு கிடைக்குமா?” என்று கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த ஊரில் எனக்குத் தெரியாத ஆள் உண்டா என்ன?

ராஜமாணிக்கம் இருக்கிறாரே! ‘டாமி’ ராஜமாணிக்கம் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சீசன் வந்துவிட்டால், ஏதோ ஒரு துரை விட்டுப்போன பழைய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, படகுத்துறைக்குப் பக்கத்தில் பிரம்புக் கூடையோடு நிற்பார். கூடைக்குள் நாலைந்து குட்டிகள். கீழே இருந்து காரில் வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள். டீச்சரை அவரிடம் அழைத்துப்போனேன்.

“பியூர் அல்சேஷன் சார். வெள்ளைக்காரப் பாதிரியார் பங்களாக் குட்டி. ரெண்டு மாசம் முடிஞ்சிருச்சு” என்றார்.

“தாயைப் பார்க்கலாமா?” என்று டீச்சர் கேட்டார்.

“பங்களாவுக்குள்ளே நம்மளை விட மாட்டாங்கம்மா.”

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன் — ரொம்பத் தெரிந்தவன் மாதிரி.

ஒரு வாரம் டீச்சர் வீட்டில் சத்தம் கேட்டது. குட்டியின் சத்தம், அதற்குப் பதில் சொல்லும் டீச்சரின் சத்தம். பிறகு குட்டி பால் குடிப்பதை நிறுத்தியது. பேதியானது. டர்க்கி டவலில் சுற்றி எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

“ரெண்டு மாசம்னு யார் சொன்னது? இன்னும் ஒரு மாசம்கூட ஆகலை. பெரிய ஜாதி, அதனாலே பெரிசாத் தெரியுது. தாய்ப்பால் குடிக்க வேண்டிய குட்டியை ஏம்மா பிரிச்சீங்க?”

பிரித்தது நாங்களா? டீச்சர் வெளியே வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்: “இதைத் தாய்கிட்டே கொண்டுபோய் விடணும் சார்.”

ராஜமாணிக்கத்திடம் போனால், பாதிரியார் ஊரில் இல்லை என்றார். பங்களா எது என்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். கடைசியில் உண்மையைச் சொன்னவர் பூண்டு லாரி ஓட்டும் காதர் பாய். “பாதிரியாராவது பங்களாவாவது! பூம்பாறையிலே பேச்சியம்மா வீட்டுக் குட்டிங்க. கூடையை ஏத்திட்டு வந்ததே நம்ம வண்டிதானே!”

அந்த லாரியிலேயே ஏறிக்கொண்டோம். வளைவுகளில் வண்டி குலுங்கும்போதெல்லாம் டீச்சர் குட்டியை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

பேச்சியம்மாள் வீட்டு வாசலில் பூண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். முன்பு ஒரு துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவளாம். அவர்கள் சீமைக்குப் போகும்போது பெட்டை நாயை இவளிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். குட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆத்தி, நம்ம வீட்டுக் குட்டி! தாயப் பாக்கக் கூட்டியாந்தீகளா? உக்காருங்க. மத்ததுக எல்லாம் நல்லாருக்காமுல்ல? போன ஈத்துல ஒண்ணு மதுரையில டாக்டர் வீட்டுல ரொட்டி தின்னுக்கிட்டுக் கெடக்காம். இன்னொண்ணு மெத்தையிலதான் படுக்குமாம். ராசமாணிக்கம் வாரப்பல்லாம் சொல்லுவாரு.”

“இவ்வளவு சின்னதிலே ஏம்மா குடுத்தே?” என்று டீச்சர் கேட்டார்.

“நானா குடுத்தேன்? இன்னும் கொஞ்ச நாளு கெடக்கட்டும்னுதான் சொன்னேன். ‘வாங்குறவுக வெரசாக் கேக்குறாக, டப்பாப் பால் குடுத்து வளப்பாக’ன்னு வெள்ளனே வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு. தாய் நாலு நாளா ஊரெல்லாம் தேடுச்சுங்க.”

அதாவது, வாங்குகிறவர்கள் அவசரப்படுத்தினார்களாம். டீச்சர் அவசரப்படுத்தினாரா?

குட்டியைத் தாயின் பக்கத்தில் விட்டோம். தாய் அதை மோந்து பார்த்தது. பிறகு தலையிலிருந்து வால் வரை நக்கிக் கொடுத்துவிட்டு, தானே சாய்ந்து படுத்தது. குட்டி தட்டுத்தடுமாறிப் போய் வாயை வைத்தது. விட்டது. மறுபடி வைத்தது.

“பால் வத்திப்போச்சுங்க. குட்டியெல்லாம் போயிப் பத்து நாளாச்சே” என்றாள் பேச்சியம்மாள். குரல் இறங்கியிருந்தது. உள்ளே ஓடிப்போய் ஆட்டுப்பாலில் துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். பால் குட்டியின் வாயோரமாய் வழிந்தது.

பகல் சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூண்டுப் பாத்தி ஓரத்தில் பேச்சியம்மாளே குழி வெட்டினாள். தாய் நாய் பக்கத்திலேயே நின்றது.

“மத்ததுக நல்லாத்தானங்க இருக்கும்?” என்றாள் மறுபடியும்.

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் முந்திக்கொண்டார். “தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது.”

பேச்சியம்மாள் குழியின் மேல் மண்ணை மிதித்து இறுக்கினாள். பிறகு, “இனிமே அந்தாளு இந்த வாசப்படிய மிதிக்கட்டும், பாக்குறேன்” என்றாள்.

மறுநாள் ராஜமாணிக்கத்தைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

“சீசன் ரெண்டு மாசம் சார். குட்டி வளர்ற வரைக்கும் காத்திருக்குமா? அதோட, தள்ளாடுற குட்டியைப் பாத்தாத்தான் சார் குழந்தைங்க அடம் பிடிக்கும். அந்தம்மாவுக்கு வாங்குறவங்களைத் தெரியாது. வாங்குறவங்களுக்கு அந்தம்மாவைத் தெரியாது. நடுவுலே நிக்கிறதுதானே என் தொழிலே!”

இதைவிடச் சுத்தமாக அந்தத் தொழிலை யாராலும் விளக்க முடியாது. டீச்சருக்கும் அவருக்கும் நடுவில் நின்றவன் நான்!

டீச்சர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. வேறு குட்டி பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது அந்த வீட்டில் பழையபடி ஒரு சத்தமும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைப் பக்கம் போனேன். அதே கோட்டு, அதே கூடை, உள்ளே புதுக் குட்டிகள்! பேச்சியம்மாள் கொடுக்கவில்லை என்றால் மலையில் வேறு ஊரே இல்லையா? திருச்சிக்காரர் ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தார். அவருடைய சின்ன மகள் ஒரு குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். பால்குடி மறக்காத குட்டி, வேண்டாம், பிழைக்காது என்றேன். ஆஸ்பத்திரி, பூம்பாறை... எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சரிங்க... உங்ககிட்டே குட்டி என்ன விலை?”

நான் விலகி வழிவிட்டேன். குட்டியோடு கார் கிளம்பியது. கீழே இறங்கும் வழியில் பெருமாள்மலையைத் தாண்டுவதற்குள் அந்தக் குழந்தை குட்டிக்கு ஒரு பெயர் வைத்திருக்கும்.

பெயர் வைத்துவிட்டால், அப்புறம் மறப்பது கஷ்டம்.