பெர்லினுக்குப் பதில் பாண்டிச்சேரி

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் என் தையல் கடை வாசலில் வந்து நின்று, "அக்கா, நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. திண்டிவனத்தில் கடை போட்டு எத்தனையோ வருஷமாகிறது. ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

"ப்ளஸ் டூ தான்."

"பாஸா?"

"பாஸ் தான். சும்மா ஜஸ்ட்டு."

"அதுக்கு மேல ஒன்னும் இல்லல்ல?"

"இல்லம்மா."

"சூப்பரு. அதான் வேணும்," என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த குச்சியை மடக்கி, என் கட்டிங் மேஜைக்குப் பக்கத்து ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அவள் எங்கள் தெருக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் கண்பார்வை போய்விட்டது. விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறாள். தினமும் தனியாகவே பஸ்ஸில் போய் வருவாள். தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்தாள். எல்லாம் பாஸாகி, உலக வரலாறு ஒன்று மட்டும் பாக்கி நின்றது. அதையும் முடித்தால் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் ஏறும். முடிக்காவிட்டால் அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

பார்வையில்லாதவர்கள் பரீட்சையில் பதில் சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதலாம். ஆனால் எழுதுகிறவர் அவர்களைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டுமாம். என் படிப்பு முதன்முதலாக ஒரு வேலைக்குச் சரியான அளவில் இருந்தது.

"எனக்குப் பயமா இருக்கும்மா. நாலு பேர் எதுர்ல எனக்கு வாயே வராது," என்றேன்.

"வாய் வராத ஆளுதான்க்கா எனக்கு வேணும். பேசறது நான். நீங்க எழுதினா போதும்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ பரீட்சையில் அவள் நல்ல மார்க் வாங்கினாளாம். அவளுக்கு எழுதிய பெண்ணைத்தான் எல்லோரும் பாராட்டினார்களாம். "இந்த வாட்டி பாஸானா நான் பாஸானேன்னு இருக்கணும். ஃபெயிலானாலும் நான் ஃபெயிலானேன்னு இருக்கணும். நான் சொல்றத மட்டும் எழுதணும். சத்தியமா?"

"சத்தியமா," என்றேன். அப்போது அது சுலபமான சத்தியமாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து அலுவலகம் விட்டு வந்ததும் கடைக்கு வருவாள். பாடமெல்லாம் போனில் ஒலியாக வைத்திருந்தாள். அதை அவள் கேட்கும் வேகம் எனக்குப் பிடிபடாது. என் காதுக்கு மெஷின் ஓடுகிற சத்தம் மாதிரிதான் இருக்கும். பிறகு அதை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொல்வாள், நான் ஒரு பழைய நோட்டில் எழுதிப் பழகுவேன். ஊர்ப் பெயர்களை எழுதத்தான் திணறினேன். போட்ஸ்டாம், யால்டா, செக்கோஸ்லோவாக்கியா. வாய்க்கே அடங்காததைக் கை எப்படி எழுதும்?

ஒரு பாடம் மட்டும் எனக்குச் சுத்தமாகப் புரியவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றும் ஒரே பக்கம் நின்று ஜெர்மனியை ஜெயித்தார்கள். ஒன்றாக உட்கார்ந்து போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள். இரண்டே வருஷத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத அளவுக்கு விரோதம்.

"நடுவுல யாராச்சும் மூட்டி வுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பொது எதிரி போய்ட்டான். அப்புறம் இவன் கையில இன்னா இருக்குதுன்னு அவன் பாத்தான், அவன் கையில இன்னா இருக்குதுன்னு இவன் பாத்தான். ரஷ்யா, என் எல்லையைச் சுத்தி என் ஆளுங்க இருந்தாத்தான் எனக்குப் பாதுகாப்புன்னுச்சு. அமெரிக்கா, அது பாதுகாப்பு இல்ல, ஊர் புடிக்கிறதுன்னுச்சு. அமெரிக்கா மத்த நாட்டுக்கெல்லாம் உதவி குடுத்துச்சு. அது உதவி இல்ல, வளைச்சுப் போடறதுன்னு ரஷ்யா சொல்லிச்சு."

"அப்ப தப்பு யாரு மேல?"

"பரீட்சையில அதக் கேக்க மாட்டாங்க. காரணங்களை விவரின்னு மட்டும்தான் கேப்பாங்க."

பெர்லின்தான் இன்னும் குழப்பியது. பிரான்ஸையும் சேர்த்துக்கொண்டு ஜெர்மனியை நாலாகப் பிரித்தார்கள். பெர்லின் ரஷ்யாவின் பங்குக்குள் இருந்தது. ஆனால் அந்த ஊரையும் தனியாக நாலாகப் பிரித்தார்கள். ஒருவர் பங்குக்கு நடுவில் மற்றவர்களுக்கு எப்படிப் பங்கு வரும்? நான் திரும்பத் திரும்பக் கேட்டதில் அவள் நெற்றியைத் தட்டிக்கொண்டு, "பாண்டிச்சேரிக்கா, பாண்டிச்சேரி!" என்றாள்.

எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரியும். பாண்டிச்சேரி ஒரே துண்டாக இல்லை. திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் இது தமிழ்நாடு, இது பாண்டி, மறுபடி தமிழ்நாடு என்று மாறி மாறி வரும். நம் ஊருக்கு நடுவில் அவர்கள் ஊர் திட்டுத் திட்டாகக் கிடக்கும்.

"இப்ப நம்மாளுங்க கோவத்துல கிளியனூர்ல பாண்டி ரோட்ட மறிச்சிட்டாங்கன்னு வச்சுக்கங்க. பாண்டிக்குப் பாலு, அரிசி, கரிமூட்டை ஒன்னும் போவாது. ரஷ்யா அதைத்தான் பண்ணுச்சு. மத்த மூணு பேரும் அவங்கவங்க பங்குல புது நோட்டு அடிச்சு வுட்டாங்க, அந்தக் கோவம்."

"நோட்டு மாத்துனதுக்கா ரோட்ட மறிப்பாங்க?"

"நமக்கு நோட்டு மாத்துனப்ப பேங்க் வாசல்ல நீங்க எவ்ளோ பேஜாரு பட்டீங்க? மறந்துட்டீங்களா?"

"அப்ப பாண்டிக்காரங்க எப்பிடிச் சாப்புட்டாங்க?"

"ஏரோப்ளேன்ல எறக்குனாங்க. கிட்டத்தட்ட ஒரு வருஷம். இங்கன்னா சாமான் ஏத்திக்கினு போற ப்ளேனு, திரும்பி வரும்போது பாட்டில் ஏத்திக்கினு வரும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு எங்களுக்குள் பெர்லின் என்ற பெயரே இல்லை. "பாண்டி மேட்டரு சொல்றேன், எழுதுங்க" என்பாள். நானும் "பாண்டி முடிஞ்சிடுச்சா?" என்பேன். நோட்டில் பெர்லின் என்றுதான் எழுதுவேன், பேச்சில் பாண்டி.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்தில். பஸ்ஸில் நான் ஊர்ப் பெயர்களை மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்தபடி வந்தாள். பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்து ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போனதும் அவள்தான்.

எங்களுக்குத் தனி அறை. ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எங்கள் பக்கம் இருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார். "அவங்க சொல்றதை மட்டும் எழுதணும்மா. அவங்க கேட்டா படிச்சுக் காட்டலாம். நீங்களா ஒன்னும் சொல்லக் கூடாது."

தலையை ஆட்டினேன்.

அவள் அழகாகச் சொல்லிக்கொண்டே போனாள். பேனா நிற்கும் சத்தத்தை வைத்தே நான் ஒரு வரியை முடித்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டு அடுத்த வரிக்குப் போவாள். கடைசியில் பெரிய கேள்வி. போர்க்கால நேச நாடுகளுக்கிடையே போருக்குப் பின் பகைமை ஏற்பட்டதன் காரணங்களை விவரி. அதை நான் படித்ததும் அவள் முகம் மலர்ந்தது. எனக்கும் உள்ளுக்குள் குதித்தது.

காரணங்களை வரிசையாகச் சொன்னாள். போலந்து வந்தது, அணுகுண்டு வந்தது, உதவித் திட்டம் வந்தது, புது நாணயம் வந்தது. பிறகு, எங்கும் தடுக்காத அதே குரலில் சொன்னாள்: "இதனால் சினமடைந்த சோவியத் ஒன்றியம், பாண்டிச்சேரிக்குச் செல்லும் சாலை, ரயில், நீர்வழிகள் அனைத்தையும் அடைத்தது."

என் கை பாதி வரியில் நின்றுவிட்டது.

"எழுதிட்டீங்களா?"

"தோ," என்றேன். எழுதினேன். பாண்டிச்சேரி என்றே எழுதினேன். சத்தியம் செய்திருந்தேனே. அவள் அடுத்த வரிக்குப் போனாள். விமானங்கள் பறந்தன, உணவு இறங்கியது, நகரம் பிழைத்தது. ஊர்ப் பெயர் மறுபடி வரவே இல்லை. "அந்நகரம், அந்நகரம்" என்றே சொல்லிக்கொண்டு போனாள். திருத்துகிறவர் பார்த்தால் என்ன நினைப்பார்? தாளையே தூக்கிப் போட்டுவிடுவாரா? ஒரு வார்த்தைக்குப் பட்டியல் போய்விடுமா? பெர்லின் என்று நானே போட்டால் அது யாருடைய பதில்? போடாவிட்டால் நான் யாருடைய ஆள்? ஒன்றும் புரியாமல் கை மட்டும் ஓடியது.

"முடிஞ்சுதுக்கா. கட்டிடலாம்," என்றாள்.

படிச்சுக் காட்டச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. தாள்களைக் கட்டும் நூலைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"சார், கடைசி பதிலைப் படிச்சுக் காட்டலாமா?"

"அவங்க கேட்டாங்களா?" என்றார் அவர்.

நான் நூலைக் கீழே வைத்தேன். அவள் முகம் என் பக்கம் திரும்பியது.

"சரி. படிங்க," என்றாள்.

படித்தேன். அந்த வரி வந்ததும் மேற்பார்வையாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "பாண்டிச்சேரிய எப்பம்மா ரஷ்யாக்காரன் புடிச்சான்? எனக்குத் தெரியாதே!"

அவள் சிரிக்கவில்லை. "பாண்டிச்சேரியை அடிச்சுடுங்க. பெர்லின்னு போடுங்க," என்றாள். போட்டேன்.

தாளை வாங்கிக்கொண்டபோது அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். "உஷாரான ஆளாத்தான் கூட்டிக்கினு வந்திருக்கீங்க. இவங்க இல்லன்னா இன்னிக்குப் போயிருக்கும்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. அவளுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் ஒயரைச் செருகிக்கொண்டாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது வேகவைத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், ஒரு பொட்டலம் வாங்கி அவள் கையில் வைத்தேன். "வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தாள். ஊர் வரும்வரை அந்த ஒரு வார்த்தைதான். தெருமுனையில் இறங்கி, "வர்றேன்" என்றுகூடச் சொல்லாமல் குச்சியைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பின் கடைக்கு வரவில்லை. காலையில் என் கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். மெஷின் சத்தம் கேட்டாலே நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். முன்பெல்லாம் "இன்னாக்கா, இன்னிக்கு யாரு கல்யாணம்?" என்பாள். இப்போது நேராகப் போனாள். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். நிறுத்தியதும் அவள் நடை கொஞ்சம் வேகமாகும்.

எனக்குக் கோபமும் வந்தது. நான் என்ன கெடுதல் செய்தேன்? அவளுக்காகத்தானே அந்த ஆளிடம் வாய் திறந்தேன்? இரண்டு பேரும் ஒரே பக்கம்தானே உட்கார்ந்திருந்தோம்? துணி வெட்டும்போதெல்லாம் அந்த மூன்று நாடுகளின் நினைவு வரும். நான் செய்ததை நான் உதவி என்கிறேன். அவள் அதற்கு வேறு என்ன பெயர் வைத்திருக்கிறாள்? போய்க் கேட்கலாம் என்று இரண்டு முறை அவள் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். பரீட்சை அறையில் திறந்த வாய் அங்கே திறக்கவில்லை.

ரிசல்ட் வந்து சில நாள் கழித்து அவளே வந்தாள். ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தாள்.

"ப்ளவுஸ் தைக்கணும். அளவு மாறியிருக்கும், எடுங்க."

டேப்பை எடுத்தேன். "ரிசல்ட்டு?" என்றேன், மெதுவாக.

"பாஸு. லிஸ்ட்டுலயும் பேரு வந்துடுச்சு."

எனக்குக் கண் கலங்கியது. அவள் தோளில் வைத்த டேப் நழுவியது.

"ஆபீஸ்ல ஸ்வீட்டு குடுத்தேன். மொத ஆளு கேட்டது இன்னா தெரியுமா? யாரு எழுதிக் குடுத்தான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க தெரு டைலர் அக்கான்னேன். பொய்யா சொல்ல முடியும்?"

இடுப்பளவு எடுத்துக்கொண்டே, பல நாளாக உள்ளே இருந்ததைக் கேட்டுவிட்டேன். "நான் சார்கிட்ட கேக்கலன்னா, நீயே படிக்கச் சொல்லியிருப்பியாம்மா?"

அவள் மேஜைமேல் இருந்த துணிப்பையின் காதை விரலில் சுற்றினாள்.

"தெரியலக்கா. சொல்லியிருப்பேன்னு தோணுது. கட்டலாம்னு சொன்னப்பவே மனசுல இன்னாவோ இடிச்சுக்கினுதான் இருந்துச்சு. ஆனா நீங்க முந்திக்கினீங்க. இப்ப அது எனக்கு எப்பவுமே தெரியாது. கோவம் அதுக்குத்தான்."

"ஃபெயிலாயிருந்தா?"

"அதுக்கும் கோவம் வந்திருக்கும். உங்க மேல இல்ல, என் மேல." பிறகு, "உங்க மேலயும் வந்திருக்கும்னு வச்சுக்கங்க," என்று பழைய மாதிரி சிரித்தாள்.

கை அளவுக்காகக் கையை நீட்டச் சொன்னேன். நீட்டினாள்.

"அடுத்து டிபார்ட்மெண்ட்டு பரீட்சை ஒன்னு வருது. வர்றீங்களா?"

"நானா?"

"நீங்கதான். ஆனா நான் கேட்டா மட்டும்தான் படிக்கணும். நடுவுல வாயத் தொறக்கக் கூடாது."

"பாண்டிச்சேரின்னு சொன்னா?"

"பாண்டிச்சேரின்னு எழுதுங்க. அப்பிடியே கட்டிக் குடுத்துட்டு வாங்க."

"சரி," என்றேன். இந்த முறை சத்தியம் கேட்கவில்லை அவள். கேட்காமல் விட்டது என்மேல் நம்பிக்கையாலா, நம்பிக்கை இல்லாததாலா என்று தெரியவில்லை. அவள் போன பிறகு பார்த்தேன், கை அளவைக் குறிக்க மறந்திருந்தேன். நாளைக்குக் காலையில் கடையைத் தாண்டும்போது கூப்பிட்டு மறுபடி எடுக்க வேண்டும். நான்தான் கூப்பிட வேண்டும்.