கத்தரீனம்மாளின் வாசல்

அரியரத்தினம் என்ற பெயரைச் சிவனேஸ்வரி முதன்முதல் கேட்டது சாதகம் பார்த்த அன்று. அவளுடைய பெரியம்மாவின் மருமகனுக்குத் தம்பிமுறை, மெல்பேர்னில் உத்தியோகம் என்றார்கள். என்ன உத்தியோகம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கலியாணமாகி எழுபத்தைந்தில் அவள் அங்கே வந்து இறங்கிய பிறகுதான், ஓவியக்கூடமொன்றில் காவல் வேலை, அதுவும் நிரந்தரமில்லை என்று தெரிந்தது.

அவர் காத்த அறையில் பெரிய படம் ஒன்று. ஜெர்மன்காரர் ஒருவர் நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன் வரைந்தது. தலை வெட்டுப்பட்டுச் செத்த கிறிஸ்தவப் புனிதை கத்தரீனம்மாளை இறக்கை முளைத்த நாலு சம்மனசுகள் ஆகாயவழியாகச் சீனாய் மலைக்குத் தூக்கிக்கொண்டு பறக்கிற காட்சி. மெல்பேர்னில் அப்போது போவதற்கு ஒரு கோயில் இல்லை. அரியரத்தினம் அந்த அம்மாளைத்தான் தினமும் கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குவார்.

மறுவருடம், சிவனேஸ்வரிக்கு நாலு மாதமாக இருக்கும்போது, ஊரிலிருந்து தந்தி வந்தது. மாமியார் போய்விட்டா. தந்தி கைக்கு வருமுன்பே எரித்தாகிவிட்டது. அடுத்த நாள் வேலைக்குப் போனவர், சாவுத்தீட்டான துடக்கோடு அம்மாளிடம் போகக்கூடாதென்று அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. எங்கள் சமயத்தில் முப்பத்தொரு நாள் இதற்குள் போகக் கூடாது, வேறு அறை தாருங்கள் என்று மட்டும் கேட்டார். அங்கே நில், இல்லாவிட்டால் வீட்டில் நில் என்றுவிட்டார் மேலாளர் கெவின்.

பின்னேரம் குசினிக்குள் சிவனேஸ்வரி பிடித்துக்கொண்டாள்.

“அது வேதக்காரற்ற படமப்பா. அவையளுக்குத் துடக்கில்லை.”

“அவையளுக்கு இல்லை. எனக்கு இருக்கு.”

“படத்திலயே ஒரு பிரேதம் கிடக்கு. நீங்கள் போய்த்தானோ துடக்காக்கப் போறியள்?”

அரியரத்தினம் சோற்றில் வைத்த கையை எடுத்தார். “அவவைத் தூக்க நாலு பேர் வந்திருக்கினம். என்ர அம்மாவைத் தூக்க நான் போகேல்லை.”

அதற்குமேல் அவள் பகிடி விடவில்லை. வேலை போனால் பிள்ளையோடு எங்கே நிற்பது என்ற பயம் மட்டும் போகவில்லை. சொன்னாள்:

“துடக்கெண்டால் ஊரில கோயில் வெளிவீதியில நிண்டு கும்பிடுறனாங்கள்தானே. வாசல்ல நில்லுங்கோ. கண் உள்ளுக்க இருந்தால் போதும்.”

அப்படியே நின்றார். ஒன்பதாம் நாள் ஒரு கிழவர் குடைநுனியால் சம்மனசின் காலைத் தொட்டுக் காட்டப் போக, “தொடாதேங்கோ!” என்று வாசலில் நின்றபடியே தமிழில் கத்தினார். கிழவர் குடையைக் கீழே இறக்கினார். சத்தத்துக்கு ஓடி வந்த கெவின், ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டார். தாய் செத்ததை அரியரத்தினம் அன்றுதான் சொன்னார்.

கெவின் போய், அவர் உட்கார ஒரு கதிரையைத் தானே தூக்கிவந்து வாசலில் போட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் அரியரத்தினம் தலைக்குத் தோய்ந்துவிட்டுப் போய், அந்தக் கதிரையை உள்ளே இழுத்துப் போட்டார். மகள் பிறக்குமுன் வேலை நிரந்தரமானது. இருபத்தாறு வருடம் அதே இடத்தில் வேலை பார்த்தார். இப்போது, பிறகு கோயில் எழும்பிய கேரம் டவுன்ஸில் அந்த மகளோடு இருக்கிறார்.