பஞ்சில் மாட்டாத ஊசி

போன வாரம் பங்சாரில் ஒரு கிளினிக். நர்ஸ் பெண் உறையைக் கிழித்தாள், எனக்கு ஊசி போட்டாள், ஊசியைக் குப்பையில் எறிந்தாள். பகீரென்றது! ஒரே ஊசியைக் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து ஊருக்கே போட்டவள் நான்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலம் அது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். கப்பல் வரவில்லை, புது ஊசியும் வரவில்லை. இருந்தவையோ முனை மழுங்கி, நுனி மடங்கி... தோலைத் துளைக்காது, கிழிக்கும்.

துணிக்கடை காதர் அண்ணனுக்கு மலேரியா முற்றிவிட்டது. மாத்திரை கொடுத்தால் வாந்தி. ஊசி மருந்துதான் ஒரே வழி. முதல் நாள் போட்டதற்கே மனிதர் அலறிவிட்டார். மறுநாள் என்னைப் பார்த்ததும் கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"செத்தாலும் சாவேன் தங்கச்சி, அந்த ஊசி வேணாம் லா!"

அவர் மனைவி ஜைனப் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இவரு இல்லாட்டி நான் என்னம்மா செய்வேன்?"

மருந்து கையில் இருக்கிறது. உள்ளே அனுப்ப வழியில்லை. இதைவிடக் கொடுமை உண்டா?

ஊசியோடு வீட்டுக்கு ஓடினேன். என் கணவர் மாணிக்கம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மழுங்கினது மட்டும் இல்ல, நுனியில பிசிறு நிக்குது. அதுதான் சதையப் பிடிச்சு இழுக்குது."

பட்டறையில் இரும்பைக் கடைந்தாலும் விளிம்பில் இப்படித்தான் பிசிறு நிற்குமாம். அதை எடுக்க அவரிடம் விரல் நீளத்தில் ஒரு வெள்ளைக் கல் இருந்தது. கண்ணாடி போல வழவழப்பு. ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, ஊசியின் சாய்ந்த முகத்தை அதில் படுக்க வைத்துத் தேய்த்தார்.

"மெதுவாங்க! இது எஞ்சின் இல்ல!"

வாங்கி நானே தேய்த்தேன். சாய்வு மாறாமல், பூவைத் தடவுவதுபோல. முனை மின்னியது. ஆனால் பிசிறு போயிற்றா?

"நாங்க நகத்தால தடவிப் பார்ப்போம். இவ்வளவு சின்னதுல நகத்துக்கு என்ன தெரியும்?" என்றார்.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. நுனியைப் பஞ்சின் மேல் இழுத்தேன். ஓர் இழை மாட்டிக்கொண்டது!

"அப்ப பிசிறு மறுபக்கம் மடங்கியிருக்கு. திருப்பி, லேசா ஒரு இழுப்பு இழு."

இழுத்தேன். மறுபடியும் பஞ்சு. மாட்டவில்லை... எங்கேயும் மாட்டவில்லை! ஏதோ யுத்தத்தையே ஜெயித்துவிட்டதுபோல இருவரும் கத்தினோம்.

எண்ணெய் போகக் கழுவி, கொதிக்க வைத்து, அன்று மாலையே போய் நின்றேன். ஜைனப் அக்கா கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தார். காதர் அண்ணன் பல்லைக் கடித்தார், கண்ணை இறுக மூடினார்.

"சீக்கிரம் போட்டுத் தொலைம்மா!"

"போட்டாச்சு அண்ணே."

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "பொய் சொல்லாதே லா!"

ஜைனப் அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

காய்ச்சல் இறங்கியது. அண்ணன் கடைக்குத் திரும்பி, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் என் புகழைப் பாடினார். ஆஸ்பத்திரியின் மிச்ச ஊசிகளும் ஒவ்வொன்றாக அந்தக் கல்லுக்கு வந்து சேர்ந்தன.

யுத்தம் முடிந்ததும் ஜப்பான்காரன் அடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டெல்லாம் செல்லாக் காசானது. 'வலிக்காத நர்ஸ்' என்று பிரிக்ஃபீல்ட்ஸ் கொடுத்த பட்டமோ... இன்றுவரை செல்லுபடி!